மகாராணிக்கு ஓர் அடிக்கவசம்

மே 13, திங்கள்

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த இந்த டைரியை இன்றுதான் உறை பிரித்தேன். நேற்று நடந்ததை எழுதாமல் விட்டால் நாடு மன்னிக்காது. போடிநாயக்கனூர் வரலாற்றைக் கல்லில் வெட்டப் போகிறவர்கள் இப்போதே உளியைத் தீட்டிக்கொள்ளலாம்.

அடியேன் ஒச்சப்பன். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றின் உரிமையாளர், ஓட்டுநர், கிளீனர், ஆஸ்தான வித்வான். ஜீப்பின் திருநாமம் மகாராணி. அவளுக்குள் ஒரே நடையில் இருபத்து நாலு பேரை ஏற்றியிருக்கிறேன். அதில் ஒருவர் ஏறவே இல்லை. கூட்டத்தில் நசுங்கி, ஊரைப் பார்க்க வந்த ஆள் தோட்டத்தில் போய் இறங்கினார்.

நேற்று நானும் என் மனைவி மாயக்காளும் மலைமேல் இருக்கிற கரடிச்சோலை எஸ்டேட்டுக்குப் போனோம். என் தங்கை மகள் நாகஜோதி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பிறந்த அன்றிலிருந்து எங்கள் வீட்டில், மாயக்காளின் பரோட்டாக் கடையில் வளர்ந்த பிள்ளை. இப்போது ஆறு மாதம் முடியப் போகிறது. அடுத்த மாதம் வளைகாப்புப் போட்டு, அன்றைக்கே பிரசவத்துக்குக் கீழே அழைத்து வந்துவிடுவது என்று பேசி முடிக்கப் போனோம்.

கரடிச்சோலை ரோட்டில் ஒரு பாறை இருக்கிறது. நட்டநடுவில் துருத்திக்கொண்டு, மேலே போகிற வண்டியானாலும் கீழே வருகிற வண்டியானாலும் அடிவயிற்றில் ஒரு குத்துக் குத்தாமல் விடாது. மாமியார் மூக்கு என்று பெயர். வைத்தது நான் இல்லை, ஜீப் டிரைவர்கள் கூடி எடுத்த முடிவு. அந்த மூக்கு நேற்று மகாராணியின் சேம்பரைக் கிழித்துவிட்டது. சேம்பர் என்பது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. கிழிந்தது எனக்குத் தெரியாது. வெற்றிவாகை சூடிய சக்கரவர்த்தி மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டுக் களத்தில் போய் நிறுத்தினேன்.

களத்தில், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சம்பந்தியம்மா குருவம்மாள் ஒரு வருடத்து வடகத்தையும் எட்டு முழ வெள்ளை வேட்டியில் பிழிந்து காயப்போட்டிருந்தார். நான் நிறுத்தியது மேட்டுப் பக்கம். வடகம் பள்ளத்துப் பக்கம். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் வைகை ஆறே பொறாமைப்படுகிற மாதிரி ஒரு கருப்பு ஆறு புறப்பட்டு வேட்டியில் சங்கமமாகிவிட்டது.

"என்னாண்ணே இது?" என்றார் குருவம்மாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஆயில் தாயி. ஒரிஜினல் ஆயில்."

"வடகத்த விடுங்க, அது போகட்டும். வளைகாப்புப் போடுவோம், நல்லாப் போடுவோம். ஆனா புள்ளைய இந்த வண்டியில ஏத்திவிட மாட்டேன். அன்னைக்கு இந்தக் களத்துல ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாம வந்து நில்லுங்க, அப்புறம் கூட்டிட்டுப் போறதப் பத்திப் பேசுங்க. சிந்துச்சுண்டா பிரசவம் இங்கனதான். எஸ்டேட்டுக்குத்தான் நர்ஸம்மா வருதுல்ல?"

நர்ஸம்மா வருகிறார். தங்கமானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாகஜோதி பிறந்த அன்றைக்கு என் தங்கை பேச்சிக்கும் ஒரு நர்ஸம்மா வந்தார். தங்கமானவர்தான்.

ராத்திரி மாயக்காள் வைத்த சாம்பாரில் உப்பு கூடுதல்.

மே 14, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை கிழிசலில் பார் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு எப்படியோ இறங்கி வந்தேன். இன்று சிக்கந்தர் ராவுத்தரின் பட்டறையில் மகாராணிக்குப் புதுச் சேம்பர் பொருத்தியாயிற்று. சிக்கந்தர் என்னைவிட இருபது வயது சிறியவன், புளுகில் மட்டும் எனக்குச் சமம்.

"மாமா, சேம்பர் மாத்தி என்னா புண்ணியம்? அடியில ஒரு கார்டு போடணும். தகடு. பாறை வந்து முட்டுச்சுண்டா தகட்டுல முட்டட்டும், சேம்பர் சேஃப்பு."

"போடு மாப்ளே. பீரங்கியே வந்து முட்டினாலும் திரும்பிப் போகணும்."

"பீரங்கிக்கு வேற ரேட்டு மாமா."

வேறு யாராவது நல்ல ஜீப்பை வாடகைக்குப் பேசினால் என்ன என்று மாயக்காள் கேட்டாள். கேட்கிற கேள்வியா? மற்ற டிரைவர்கள் ஆளை உரமூட்டை மாதிரி ஏற்றி உரமூட்டை மாதிரி இறக்குகிறவர்கள். அந்த ரோட்டில், அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு நான் எங்கே பார்த்துக்கொண்டு உட்கார?

மே 16, வியாழன்

தகடு தேர்வு. சுயம்வரம் என்றே சொல்லலாம். சிக்கந்தர் மூன்று மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்து பட்டறையில் சாத்தி வைத்தான்.

முதலாவது அலுமினியம். கோயம்புத்தூர் வரவு. நிலாவைத் தட்டையாக்கி வைத்த மாதிரி பளபளப்பு, ஒற்றை விரலில் தூக்கலாம். "எடை கம்மி மாமா, வண்டி பறக்கும். என்னா, பாறையில உரசுனா சீவிக்கிட்டுப் போகும்." இரண்டாவது நாலு மில்லி இரும்புத் தகடு. எடை அதிகம், துருப் பிடிக்கும், ஆனால் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகுமாம். மூன்றாவது கெட்டி பிளாஸ்டிக். இதுதான் இப்போது ஃபேஷன் என்றான்.

மாயக்காள் மூன்றாவதைத் தட்டிப் பார்த்தாள். "இதுலதான் நான் வெங்காயம் வெட்டுறேன்."

மூன்றையும் இரவலாக வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பெண் கொடுக்கிறவன் பரீட்சை வைக்காமல் கொடுப்பானா?

மே 19, ஞாயிறு

பரீட்சை. இடம்: எங்கள் வீட்டுக் கொல்லை. பரீட்சகர்: மொட்டை மாடியில் நான். கேள்வித்தாள்: ஆட்டுரல் குழவி.

அலுமினியத்தின்மேல் போட்டேன். பூ மாதிரி ஏந்திக்கொண்டது. ஏந்திய இடத்தில் பாயசமே ஊற்றிக் குடிக்கலாம், அப்படி ஒரு குழி. இரும்புத் தகட்டின்மேல் போட்டேன். எழுந்த ஓசையில் தெருவில் பாதிப் பேர் கோயில் நடை திறந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தகடு பப்படம் மாதிரி வளைந்துவிட்டது. குறுக்கே நாலு மடிப்புக் கொடுத்தால் வளையாது என்று சிக்கந்தர் பின்னால் சொன்னான். முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கின்மேல் போட்டதுதான் சரித்திரம். குழவி அதில் விழுந்து, எகிறி, என் கண்ணுக்கு நேராக வந்து ஒரு கணம் முகம் பார்த்துவிட்டு, கொல்லைச் சுவர்ப் பக்கம் பாய்ந்தது. அங்கே மாயக்காளின் பழைய பரோட்டாக் கல் சாத்தியிருந்தது. கடைக்குக் கேஸ் அடுப்பும் புதுக் கல்லும் வந்தபிறகு ஓய்வு பெற்ற கல். மூன்று முழ நீளம், ஒரு விரல் கனம், இரண்டு ஆள் தூக்கும் எடை.

குழவி அதில் மோதியது.

குழவி இரண்டாகப் பிளந்தது.

கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. லேசாக ஒரு ரீங்காரம் மட்டும், ஏப்பம் விட்ட மாதிரி.

மாடியிலிருந்து நான் இறங்கிய வேகத்தில் படிகளில் பாதியைக் காணவில்லை. கல்லின் முன் நின்றேன். இருபது வருடம் இந்தக் கல் எத்தனை லட்சம் பரோட்டாவைச் சுட்டிருக்கும்! எத்தனை கொத்துப் பரோட்டாவுக்கு இரண்டு கரண்டி அடி வாங்கியிருக்கும்! அடி வாங்கியே பழகிய தேகம். இதற்கு முன்னால் மாமியார் மூக்கு எம்மாத்திரம்?

"தொட்டீக, கைய ஒடச்சிருவேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குழவியை அவள் இன்னும் பார்க்கவில்லை.

மே 20, திங்கள்

குழவியைப் பார்த்துவிட்டாள். இன்று வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

மே 22, புதன்

மாயக்காளே சம்மதித்துவிட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை. நேற்று ராத்திரி கொல்லையில் போய் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, "ஜோதி இந்தக் கல்லுப் பக்கத்துல உக்காந்துதான் வாய்ப்பாடு படிச்சா" என்றாள். "மாட்டிக்கங்க. ஆனா ஒண்ணு."

ஒன்று என்னவென்றால், கல்லில் சோப்புப் படக்கூடாது. சாம்பல், மணல், கம்பிப் பஞ்சு எதுவும் படக்கூடாது. பழக்கின கல்லைக் கழுவினால் அது செத்துப் போகும் என்பது பரோட்டாத் தொழிலின் வேதம். துணியால் துடைக்கலாம். அவ்வளவுதான்.

சிக்கந்தர் கல்லைப் பார்த்து, பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு ஹஜ்ஜுக்கே போய்விடலாமா என்கிற முகத்தோடு நின்றான்.

"மாமா, ஓரமெல்லாம் பிசுக்கு அப்பிக் கெடக்கு. ஒரு வாட்டி டீசல்ல கழுவிருவோம்."

"கழுவுனா அத்தைகிட்ட நீ சொல்லிரு."

கழுவவில்லை. துளை போட ஆறு டிரில் பிட்டு ஒடிந்தது. நாலு மூலையிலும் ஆங்கிள் வைத்து போல்ட்டு முறுக்கினான். ஆயில் மாற்றுவதற்கு நடுவில் ஒரு பெரிய ஓட்டை. கல் ஏறியதும் மகாராணி பெரியவர்களைக் கண்ட புதுமருமகள் மாதிரி முன்பக்கம் பணிந்துவிட்டாள். முன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு பிளேட்டைக் கூட்டிச் சேர்த்ததும் நிமிர்ந்தாள். சந்தனம், குங்குமம், ஒரு பூசணிக்காய்.

மே 24, வெள்ளி

முதல் ஓட்டம். தேனி ரோட்டில் போய்த் திரும்பினேன். கீழே செய்தித்தாளை விரித்து நிறுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

ஆனால் ஒரு விசேஷம். திரும்பி வரும்போது பின்னால் மூன்று நாய்கள் ஓடி வந்தன. சாலைப்பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது பதினோரு நாய்கள். பஸ் ஸ்டாண்டு வரும்போது மாவட்டத்து நாய்கள் அத்தனையும் வால் நிமிர்த்திப் பரிவாரமாக வந்தன. அந்தக் காலத்து ஜமீன்தாருக்குக்கூட இப்படி ஒரு பவனி வாய்த்திருக்காது. டீக்கடை பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று காற்றை மோந்து பார்த்தார்.

"ஏப்பா ஒச்சப்பா, வண்டிக்குள்ள சால்னா வச்சிருக்கியா?"

சூடு ஏறினால் கல் மணக்கிறது. அவ்வளவுதான். மணப்பது குற்றமா? மல்லிகைகூட மணக்கிறது.

மே 27, திங்கள்

ஜோதி போன் பண்ணினாள்.

"மாமா, என்னா சாப்ட்டீக?"

"பழைய சோறு தாயி."

"பொய். கடையில ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லேட்டு. அத்தை சொல்லிருச்சு." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க நர்ஸம்மா செவ்வாக்கெழம மட்டுந்தான் வருது மாமா. மத்த நாளு வலி வந்தா என்னா பண்றதுண்டு கேட்டேன். பொறுத்துக்கச் சொல்லுச்சு, தமாசுக்குத்தான்."

"ம்."

"வந்துருவீகள்ல மாமா?"

வந்துருவீகளாவா? கல் ஒன்று, புதுச் சேம்பர் ஒன்று, பட்டை ஒன்று என்று முக்கால் ரயில் எஞ்சினையே மாட்டி வைத்திருக்கிறேன், வந்துருவீகளாவாம்! அரைமணி நேரம் அளந்தேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

நானும் மாயக்காளும் வளர்த்த வளர்ப்பில் பிள்ளை எதற்கும் அழுவதே இல்லை. அதுதான் சங்கடம்.

ஜூன் 2, ஞாயிறு

ஒத்திகை. முன் சீட்டில் ஒரு மைதா மூட்டையை வைத்து, அதன் இடுப்பில் மாயக்காளின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, மாமியார் மூக்கு வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவை இல்லை. எத்தனை தடவை என்பது நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

பாறையில் கல் ஏறும்போது 'டங்ங்' என்று ஓர் ஓசை. பிறகு பனிக்கட்டிமேல் வெண்ணெயை இழுத்த மாதிரி ஒரு வழுக்கல். அவ்வளவுதான், பாறை பின்னால் கிடக்கிறது! மூட்டை குலுங்கியதா என்று ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பார்த்தேன். மூன்றாம் தடவை, "குலுங்குச்சா தாயி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். எதிரே வந்த ஜீப்பிலிருந்து டிரைவர் மலைச்சாமி பார்த்துவிட்டான்.

"யாருண்ணே அது?"

"சொந்தக்காரக. சீக்கு."

"முகம் வெளுத்துப் போயிருக்குண்ணே."

இன்று சாயங்காலத்துக்குள் போடி முழுக்கப் பரவிவிட்டது.

ஜூன் 8, சனி

சீர்த்தட்டு, வளையல், ஏழு வகைச் சோறு, பூ எல்லாம் தயார். நாளை.

ஜூன் 9, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். மற்றதை நாளை எழுதுகிறேன். சீர்த்தட்டுத் தூக்கிய அலுப்பு.

ஜூன் 10, திங்கள்

நேற்றைய தினத்தை முறையாக எழுதுகிறேன்.

மகாராணிக்கு வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், முன்னால் எலுமிச்சம்பழம். உள்ளே மாயக்காளும் சீரும். மாமியார் மூக்கை ஒரே 'டங்'கில் கடந்தேன். அதற்கப்புறம் களம் வரை முழுக்க முதல் கியர் ஏற்றம். எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஏறினாள். கரடிச்சோலைக்குள் நுழையும்போதே பரோட்டா மணம் எங்களுக்கு அரை மைல் முன்னால் போய் வரவு சொல்லிவிட்டது.

களத்தில் குருவம்மாள் நின்றார். ஒரு கையில் ஆரத்தித் தட்டு, இன்னொரு கையில் துவைத்து மடித்த வெள்ளை வேட்டி.

"மொதல்ல வண்டி. அப்புறம் ஆரத்தி. அங்கன நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். அவரே குனிந்து வேட்டியை மகாராணிக்கு அடியில் விரித்தார். எஞ்சினை அணைத்தேன். வேட்டி வெள்ளை வெளேர் என்று கிடந்தது. அப்புறம்தான் எங்களுக்கு ஆரத்தி.

வளைகாப்பு தொடங்கியது. ஜோதி மனையில் உட்கார்ந்திருந்தாள்; பச்சைச் சேலையில், சும்மா சொல்லக்கூடாது, மலைக்கே அவளைப் பார்த்துத்தான் பச்சை வந்திருக்கும். மருமகன் முருகவேல் ஓரமாக நின்றார். அவர் அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா இருக்கும்போது பேசவே மாட்டார். பெண்கள் வரிசையாக வளையல் போட்டு, சந்தனம் பூசினார்கள். ஆனால் ஒருத்தி கண்ணும் ஜோதிமேல் இல்லை. எல்லாக் கண்ணும் வேட்டிமேல். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு எழுபது தடவை திரும்பியிருப்பேன்.

சந்தனம் பூசி முடிகிற சமயம்.

சொட்.

களத்தின் அந்தக் கோடியில் விழுந்தது இந்தக் கோடியில் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கூட்டம் மொத்தமும் சீரை விட்டுவிட்டு ஜீப்பைப் பார்த்து ஓடியது. நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். வேட்டியின் நடுவில், காசளவு, மஞ்சளாக ஒரு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு சொட்டு.

குருவம்மாள் விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். புருவம் ஏறியது. மறுபடி மோந்தார்.

"ஆயில் மாதிரி இல்லயே. என்னமோ கடை வாசமால்ல வருது?"

நான் வானத்தைப் பார்த்தேன். மாயக்காள்தான் சொன்னாள். "மதினி... அது எங்க பழைய பரோட்டாக் கல்லு. கழுவக்கூடாதுண்டு நாந்தான் சொன்னேன். சூட்டுல பழைய எண்ணெய் கசியுது போல."

பிறகு சிரித்தார்கள் பாருங்கள்! ஒரு கிழவி ஏலச்செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முருகவேல் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். முழங்கை வரை வளையலோடு ஜோதி வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள்.

"அய்யோ மாமா, நம்ம கடை!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரித்து, கண் துடைத்துக்கொண்டாள்.

குருவம்மாள் சிரிக்கவில்லை.

"ஒரு சொட்டுண்டு சொன்னேன். ரெண்டாச்சு. புள்ள இங்கனயே இருக்கட்டும்ணே."

இந்தத் தருணத்துக்காக ஒரு மாதமாகப் பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். சேர சோழ பாண்டியர் மூவரும் எழுந்து நின்று கைதட்டியிருக்கக்கூடிய பேச்சு. வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி, புள்ளைய அனுப்பு தங்கச்சி" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். குரல் வேறாக வந்தது.

"அனுப்புனா திரும்பி வருமாண்ணே? மேக்காட்டுச் சின்னம்மா மருமக பிரசவத்துக்குண்டுதான் எறங்குனா. புள்ள பள்ளிக்கூடம் போகுது, இன்னும் ஏறல. இந்தக் குளிருக்கும் அட்டக் கடிக்கும் எவ திரும்பி ஏறுவா? பேரப்புள்ளைய நான் போன்லயே பாத்துட்டுச் சாகவா?"

ஒரு மாதமாக நான் பார்த்ததெல்லாம் இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக்.

சலங்சலங் என்று வளையல் சத்தம். திரும்பிப் பார்த்தால், ஜோதி ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையை முருகவேல் தோளில் ஊன்றி, மகாராணிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஏறிட்டேன். எனக்கு ரெண்டு அத்தை. ரெண்டு அத்தையும் ஏறுங்க, போவோம்."

குருவம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கதவு படார் என்று சாத்தியது. போச்சு, என்றேன் நான். மாயக்காள், "பொறுங்க" என்றாள்.

கதவு திறந்தது. அம்மாள் வெளியே வந்தார். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு தகர டின், கக்கத்தில் ஒரு பெட்டைக் கோழி. வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, ஆனால் மூட்டை அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தது. அதன் வாயோரத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த பச்சைப்பிள்ளை மெத்தை ஒன்று எட்டிப் பார்த்தது. அதைத் தைக்க யாருக்கும் இரண்டு வாரமாவது ஆகும்.

"முருகவேலு, கோழிக்குத் தண்ணி வையி. அடுப்ப அணைச்சிட்டியாண்டு பாரு. ராவைக்கு ரசத்தச் சூடு பண்ணிக்க" என்றவர், எனக்கு நேரே வந்து, "முன் சீட்டு எனக்கு" என்றார். "வண்டியப் பாத்துக்கிட்டு வரணும்ல."

"ஏறு தங்கச்சி" என்றேன்.

இறங்கினோம். இறங்கினோம் என்றா சொன்னேன்? நத்தை ஒன்று எங்களை முந்திக்கொண்டு போய், வளைவில் நின்று திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு குழியிலும், "மெல்ல", "இன்னும் மெல்ல", "நிப்பாட்டுங்க!" நிறுத்தினால் அந்த அம்மாள் இறங்கி, குனிந்து அடியைப் பார்த்து, "காஞ்சுதான் இருக்கு, போங்க" என்று உத்தரவு கொடுத்தபிறகு ஏறுவார்.

பாறைக்கு வந்தோம்.

"இதுக்கு என்னமோ பேரு சொல்லுவாகளே டிரைவருமாரு?"

"பிள்ளையார் பாறை" என்றேன்.

பின் சீட்டில் ஜோதி இருமினாள். மாயக்காள் அவள் முதுகைத் தட்டினாள்.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. டங்ங்... இத்தனை நாளும் கேட்ட ஓசைதான். நேற்று மட்டும் அது என் விலா எலும்பில் அடித்தது. கல் வழுக்கியது. மகாராணி பல்லக்கு மாதிரி ஒருமுறை ஆடினாள், அந்தப் பக்கம் போய் நின்றாள். என் தோளில் ஐந்து விரல் பதிந்திருந்தது. குருவம்மாளுடையது. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

"குலுங்குச்சா தாயி?"

"இல்ல மாமா. நீங்க ஏன் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கீக? விடுங்க."

விட்டேன். அந்த மூச்சில் எதிர் மலையிலிருந்த மேகமே நகர்ந்துவிட்டது. அடிவாரத்துக்கு வரும்போது பின்னால் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. போடி எல்லையில் நாய்கள் காத்திருந்தன.

ஜூன் 30, ஞாயிறு

குருவம்மாள் கடைக் கல்லாவில் உட்கார ஆரம்பித்துவிட்டார். கடன் சொன்ன வாத்தியார் ஒருவர் இன்று ஓடியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 24, சனி

பெண். விடியற்காலையில், தேனி ஆஸ்பத்திரியில்.

தாயும் சேயும் நலம்.

தாயும் சேயும் நலம்.

எழுத்து நன்றாக வருகிறதா என்று பார்ப்பதற்காக இரண்டாவது தடவை எழுதினேன். பேத்தியைக் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு எடை குறைந்த சாமானை நான் ஆயுளில் ஏற்றியதில்லை. சிக்கந்தர் வந்து பார்த்தான். "மாமா, குரலப் பாத்தியா? ஹாரன் நம்ம வண்டி ஹாரன்" என்றான். மாயக்காளும் குருவம்மாளும் பிள்ளை யார் ஜாடை என்று வராந்தாவில் சண்டை போட்டு, நர்ஸம்மாவிடம் ஒன்றாக வசவு வாங்கினார்கள். இந்த நர்ஸம்மாவும் தங்கமானவர்.

வீட்டுக்கு வந்து கொல்லையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கை பேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

டைரி முடியப் போகிறது. பேத்தி சிரிக்கிறாள், கவிழ்ந்து படுக்கிறாள், என் மீசையைப் பிடுங்கி அரசாள்கிறாள்.

மூன்றாம் மாதம் முடிந்ததும் பிள்ளையோடு மலைக்குத் திரும்புவதாகப் பேச்சு. அப்போது மழை. "மழ விடட்டும்ணே, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல எப்படி?" என்றார் குருவம்மாள். நியாயம்தான். மழை விட்டு ஒரு வாரமாகிறது. வாசலில் நின்றால் மலை உச்சி துடைத்து வைத்த மாதிரி தெரிகிறது. வீட்டில் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. மாயக்காள் கடைக்குத் தெற்குத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

இன்று ஞாயிறு என்பதால் முருகவேல் வழக்கம்போல் பைக்கில் இறங்கி வந்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூன்றாவது பரோட்டாவைப் பிய்க்கும்போது அவருடைய அம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு, கேட்டார்.

"ஏண்டா, ரோடு எப்படி இருக்கு?"

சால்னா வாளியோடு மாயக்காள் அப்படியே நின்றாள். ஜோதி பிள்ளையின் கால்விரலை எண்ண ஆரம்பித்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முருகவேல் பிய்த்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், ஜோதியின் முகத்தைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினார்.

"ரொம்ப மோசம்மா. பொங்கல் கழிஞ்சுதான் பாக்கணும்."

"அதானே பாத்தேன்" என்றார் குருவம்மாள். "மாயக்கா, அவனுக்கு இன்னும் ஒண்ணு வையி."

அந்த ரோட்டில்தான் அவர் காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டுச் சேறு இல்லை.